தட்டணு நன்றாக இருந்தால் டெங்கு இல்லை என்று சொல்லலாமா? ரத்த அறிக்கையை எப்படிப் படிப்பது?

தன்லியின் தகப்பன் — திங்கள், இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் திடீரென்று உடம்பு கொதித்தது. அளந்து பார்த்தபோது 103 டிகிரி. சளியும் இல்லை, இருமலும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்கிறாள். சோறு வேண்டாம் என்கிறாள். மியான்மரில் தன்லியில் இருக்கிறோம்; எங்கள் வார்டில் இந்த மழைக்குள் மூன்று பிள்ளைகளை டெங்கு என்று பாலம் தாண்டி யாங்கோனுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் இன்று காலையே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டோம்.

அறிக்கையில் இருப்பது இது: வெள்ளை அணு 4,800. ஹீமோகுளோபின் 11.2. பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், 34 (இதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்கள்). தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) 1,90,000. என்எஸ்1 பரிசோதனை (டெங்குக் கிருமியின் புரதத்தைத் தேடுவது) 'இல்லை'. தெருமுனையில் உள்ள சிறு மருத்துவ நிலையத்தில் (பெயர் வேண்டாம்) தாளைப் பார்த்துவிட்டு, 'டெங்கு இல்லை, கொஞ்சம் ரத்தச் சோகை இருக்கிறது, அவ்வளவுதான்' என்று சொல்லி, காய்ச்சல் உடனே இறங்க ஓர் ஊசி போட எடுத்தார்கள். என் மனைவி வேண்டாம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் செய்தது சரியா? தட்டணு இவ்வளவு நன்றாக இருக்கும்போதும் அது டெங்குவாக இருக்க முடியுமா?

நுண்ணோக்கி — திங்கள், இரவு 10.05

யாங்கோனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறவன் நான். மருத்துவன் அல்ல, ஆனால் மழைக்காலத்தில் நாளொன்றுக்கு எத்தனை ஊதா மூடிக் குழாய்கள் என் மேசைக்கு வருகின்றன என்பதை வைத்துச் சில சொல்ல முடியும்.

முடியும் ஐயா, டெங்குவாக இருக்க முடியும். சனிக்கிழமை மாலை தொடங்கிய காய்ச்சலுக்குத் திங்கள் காலை இரண்டாம் நாள். இரண்டாம் நாளில் டெங்குப் பிள்ளையின் தட்டணு பெரும்பாலும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்திற்கு மேலேயே இருக்கும். நம் ஊரார் 'ஒரு தெய்ன்' என்று சொல்லும் அந்த ஒரு லட்சத்திற்குக் கீழே அது இறங்குவது வழக்கமாக மூன்றாம் நாளுக்குப் பிறகுதான். முதலில் அசையத் தொடங்குவது வெள்ளை அணு. பாக்டீரியாக் காய்ச்சல்களில் பெரும்பாலும் அது மேலே ஏறும். டெங்குவில் 5,000க்குக் கீழே சரியும். உங்கள் மகளுடைய 4,800 அந்தச் சரிவின் முதல் படியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாளை மறுநாள் எண் வந்தால்தான் அது தெரியும்.

என்எஸ்1 பற்றி: அந்தப் பட்டையில் கோடு விழுந்தால் டெங்கு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கோடு விழாவிட்டால் டெங்கு இல்லை என்று சொல்ல முடியாது. முன்பு ஒரு முறை வேறு வகை டெங்கு வந்துபோன உடம்பில் பழைய எதிர்ப்புப் பொருள் அந்தப் புரதத்தைப் பிடித்து மறைத்துவிடுவதால், இரண்டாம் முறை வருகிறவர்களில் கோடு விழாமல் போவது அதிகம். டெங்குக் கிருமி நான்கு வகை. நம் ஊரில் நான்கும் உலவுகின்றன. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது இரண்டாவதாக இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனையை இப்போது எடுத்துப் பயனில்லை. அது நான்கு, ஐந்து நாள் கழிந்த பிறகே தலைகாட்டும்.

ஒன்று மட்டும் இன்றிரவே செய்யுங்கள். பிசிவி 34 என்ற எண்ணைத் தனியாக ஓரிடத்தில் எழுதி வையுங்கள். அந்த நட்சத்திரத்திற்கு அர்த்தம், எங்கள் இயந்திரத்தில் ஏற்றியிருக்கும் 35 முதல் 45 வரையிலான எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது என்பது மட்டுமே. உங்களுக்கு அந்த எண் வேறு ஒன்றுக்குத் தேவைப்படும்.

பகோ வியாபாரி — திங்கள், இரவு 10.40

சென்ற ஆண்டு என் தங்கை மகனுக்கு வந்தது. தட்டணு ஒன்றுதான் பார்க்க வேண்டியது. 50,000க்கு வந்தால் தட்டணு ஏற்ற வேண்டும், அதற்கு முன்பே ஆள் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்துக் காலை மாலை இரண்டு கரண்டி கொடுங்கள். எங்கள் பையனுக்கு 28,000 ஆக இருந்தது, சாறு கொடுத்த இரண்டாம் நாள் 60,000 ஆனது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற சயாமா — செவ்வாய், காலை 6.15

தம்பி, உங்கள் மனைவி செய்தது மிகவும் சரி. டெங்குவாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருக்கும்வரை சதையில் ஊசி போடக் கூடாது; போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். காய்ச்சலை வேகமாக இறக்குவதற்காகப் போடும் அந்த வலி மருந்துகளும், புரூபன், ஆஸ்பிரின் வகைகளும் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும். பாராசிட்டமால் மட்டும் போதும். பிள்ளையின் எடையைப் பார்த்து, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்திற்குக் குறையாத இடைவெளியில் கொடுங்கள். 103 டிகிரி 101க்கு வந்தால் போதும். முழுக்க இறக்கியே தீருவேன் என்று மருந்தை அடுக்க வேண்டாம்.

மோல்மேனில் குழந்தைகள் வார்டில் சயாமாவாக, அதாவது தாதியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இயந்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்பு சொல்வதையும் கேட்க வேண்டும். முதலில் பிள்ளையின் முகத்தில் இருக்கும் தனக்கா மரப்பட்டைப் பூச்சைக் கழுவுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காய்ச்சலுக்குக் குளிர்ச்சி என்று நெற்றியிலும் கன்னத்திலும் கையிலும் கெட்டியாக அரைத்துப் பூசிக்கொண்டு வருவார்கள். முகச் சிவப்பும் தெரியாது, ரத்தப் புள்ளியும் தெரியாது, பிறகு பிள்ளை வெளுத்தாலும் தெரியாது. நம் பிள்ளைகளின் நிறத்தில் ஏற்கெனவே சிவப்பைக் காண்பது கடினம். அதனால் முன்கையின் உட்புறம், அக்குள், வாயின் மேலண்ணம், கீழ் இமையின் உள்பக்கம் ஆகிய இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

அடுத்தது கைப்பட்டைப் பரிசோதனை. அருகில் ரத்த அழுத்தக் கருவி வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் செய்துவிடலாம். ஆனால் பட்டை பிள்ளைக்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும், பெரியவர்களுடையதைச் சுற்றினால் கணக்குத் தவறும். மேல் அழுத்தம் 96, கீழ் அழுத்தம் 64 என்றால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 80. அந்த 80இல் காற்றை நிறுத்தி ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். கை நீலம் பூத்தாற்போல் ஆகும், பிள்ளை சிணுங்கும், பயப்பட வேண்டாம். பிறகு காற்றை விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, முழங்கை மடிப்புக்குக் கீழே பேனாவால் இரண்டரை சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, அதற்குள் குண்டூசித் தலை அளவில் புதிதாகத் தோன்றிய புள்ளிகளை எண்ணுங்கள். விரலால் அழுத்தினால் அவை மறையக் கூடாது; மறைந்தால் அது கொசுக்கடியோ வேர்க்குருவோதான். பத்தும் அதற்கு மேலும் இருந்தால் டெங்குவின் பக்கம் தராசு சாய்கிறது. புள்ளி வராததால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. முதல் இரண்டு நாளில் பலருக்கு வராது, ரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் வராமல் போகும்.

பகோ தம்பிக்கு ஒரு வார்த்தை. இந்த நோய்க்குப் பர்மியத்தில் 'த்வே லுன் தொட்குவே' என்று பெயர். த்வே என்றால் ரத்தம், லுன் என்றால் மிஞ்சிப் போதல், தொட்குவே என்றால் ஃப்ளூ. பெயரைக் கேட்ட தாய்மார் எல்லாரும் மூக்கில் ரத்தம் வருகிறதா, மலம் கறுக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்த பிள்ளைகளில் மோசமானவர்கள் பலர் ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாமல்தான் மோசமானார்கள்.

தன்லியின் தகப்பன் — செவ்வாய், பகல் 1.30

அம்மா, சொன்னபடியே செய்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு தாதி இருக்கிறார். சிறு பட்டையும் அவரிடம் இருந்தது. அழுத்தம் 98க்கு 66. 82இல் ஐந்து நிமிடம் வைத்தார். தனக்காவைக் கழுவியபோது கன்னம் செக்கச்செவேல் என்று இருப்பதை அப்போதுதான் பார்த்தோம். சதுரத்திற்குள் நான் எண்ணியது 14, அவர் எண்ணியது 16. காய்ச்சல் இன்னும் 102இல் இருக்கிறது. நான்கு வயதில் இவளுக்கு ஒரு முறை இதேபோல் ஐந்து நாள் காய்ச்சல் வந்து, கடைசியில் உடம்பெல்லாம் தடித்துச் சரியானது என்று என் மனைவி இப்போது நினைவுபடுத்துகிறாள்.

தட்டோன் வயல்காரர் — செவ்வாய், பிற்பகல் 3.00

ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மலேரியாவும் உண்டு, எலிக்காய்ச்சலும் உண்டு. மலேரியாவிலும் தட்டணு குறைகிறது என்று போன ஆண்டு என் தம்பிக்குச் சொன்னார்கள். அப்படியிருக்க எண்ணை வைத்து எதை எதிலிருந்து பிரிப்பது?

மழைக்கால மருத்துவர் — செவ்வாய், இரவு 8.45

வயல்காரர் கேட்டது நல்ல கேள்வி. இழை முழுவதும் ஒரே நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் மற்ற நோய்கள் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

தட்டணுக் குறைவு டெங்குவுக்கு மட்டும் உரியதன்று. மலேரியாவில் அது குறைவது வெகு சாதாரணம், ஆனால் குளிர் நடுக்கத்தோடு விட்டு விட்டு வரும் காய்ச்சலும், பெரிதாகும் மண்ணீரலும், இறங்கிக்கொண்டே போகும் ஹீமோகுளோபினும் அங்கே கூட வரும். காட்டுப் பகுதிக்குப் போய்வந்தவர் என்றால் மலேரியாப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனெனில் அதற்குக் கைமேல் பலன் தரும் மருந்து இருக்கிறது. எலிக்காய்ச்சலில் தட்டணு குறைந்தாலும் வெள்ளை அணு பெரும்பாலும் கூடும். கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும், கண் சிவக்கும், சேற்றில் நின்ற கதை இருக்கும். டைஃபாய்டு நாளுக்கு நாள் படியேறுவதுபோல் ஏறும் காய்ச்சல். வெள்ளை அணு அதிலும் குறையலாம், ஆனால் டெங்கு கொதிப்பதுபோல் முதல் மணி நேரத்திலேயே 103ஐத் தொடுவது அரிது. 2019இல் நம் நாட்டில் பரவிய சிக்குன்குனியாவில் மூட்டு வலி முன்னே நிற்கும், பிசிவி ஏறாது. தோலில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருந்தால் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும்; அதை ஆடையை நீக்கிப் பார்த்தால்தான் காண முடியும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, டெங்கு உலவும் இடத்தில் வாழ்கிறவருக்குக் காய்ச்சலோடு, குமட்டல் அல்லது வாந்தி, தோல் தடிப்பு, உடல் வலி, கைப்பட்டைப் பரிசோதனையில் புள்ளிகள், வெள்ளை அணுக் குறைவு, எச்சரிக்கைக் குறிகளில் ஏதேனும் ஒன்று ஆகியவற்றில் இரண்டு இருந்தால் டெங்குவாக இருக்கக்கூடும் என்று கொள்ளலாம். இந்தப் பட்டியலில் தட்டணு தனியாக இடம்பெறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 1997ஆம் ஆண்டு வழிகாட்டியில் ரத்தக்கசிவு டெங்கு என்று பெயரிட ஒரு லட்சமும் அதற்குக் கீழும் என்ற எல்லை இருந்தது உண்மை. ஆனால் அங்கும் அது மட்டும் போதாது, ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டார்கள்.

தன்லியின் நண்பரே, உங்கள் மகளுக்கு உடல் வலி, 4,800, 14 புள்ளிகள். நான் நேரில் பார்க்காத பிள்ளை. ஆனாலும் டெங்கு என்றே வைத்துக்கொண்டு நடங்கள். நாளைக் காலை மறுபடி ரத்தம் எடுங்கள். எடுப்பது அதே ஆய்வுக்கூடமாக இருக்கட்டும். உப்புச்சர்க்கரைக் கரைசல், கஞ்சித் தண்ணீர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறையாவது சிறுநீர் போகிறாளா என்று நேரத்தோடு எழுதுங்கள்.

தன்லியின் தகப்பன் — புதன், பகல் 12.10

இன்றைய அறிக்கை: வெள்ளை அணு 2,600, அதில் லிம்ஃபோசைட் 58 சதவீதம். தட்டணு 96,000, நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். பிசிவி 36; நட்சத்திரம் இல்லை. காய்ச்சல் 101.

பகோ வியாபாரி — புதன், பகல் 12.30

பாதியாகக் குறைந்துவிட்டதே! இன்னும் வீட்டில் வைத்திருப்பதா? தட்டணு கொடுப்பவர்களைத் தேடுங்கள். எங்கள் பகோவிலிருந்து இரண்டு பையன்கள் வரத் தயார்.

நுண்ணோக்கி — புதன், பகல் 1.15

பகோ அண்ணனின் மனசு பெரிது. ஆனால் கண் நட்சத்திரத்தின் மேலேயே நிற்கிறது. அந்தக் குறியை வைப்பது இயந்திரம். பொதுவான எல்லைக்கு வெளியே போன எண்ணை மட்டுமே அது சுட்டும். இந்தப் பிள்ளையின் நேற்றைய எண் என்ன என்று அதற்குத் தெரியாது.

நான் முதல் நாள் எழுதி வைக்கச் சொன்ன 34ஐ எடுங்கள். இன்று 36. கூடியது 2, 34இல் 2 என்பது ஏறக்குறைய 6 சதவீதம். காய்ச்சலில் தண்ணீர் குறைவாகக் குடித்தாலே இவ்வளவு ஏறும். 20 சதவீதம் ஏறினால்தான் ரத்தக் குழாயின் சுவர் வழியே நீர்ப்பகுதி வெளியே கசிகிறது என்பதற்கு வலுவான அடையாளம். 34க்கு 20 சதவீதம் கூட்டினால் 40.8. ஆகவே இந்தப் பிள்ளைக்கு 41 என்பது அபாய எண். 41 வரும்போது எங்கள் இயந்திரம் நட்சத்திரம் போடாது, ஏனென்றால் அது 35க்கும் 45க்கும் நடுவே இருக்கிறது. இதை இன்றே சொல்லி வைக்கிறேன்.

நம் ஊரில் இது பெரிய விஷயம். தலசீமியாக் கீற்று, ஹீமோகுளோபின் ஈ (இரண்டும் பிறவியிலேயே வரும் ரத்தக் குறைகள்), கொக்கிப்புழு, இரும்புச் சத்துக் குறைவு ஆகியவற்றால் பல பிள்ளைகளின் வழக்கமான பிசிவியே 30, 32 என்று கீழே நிற்கும். அப்படிப்பட்ட பிள்ளை 38க்கு ஏறும்போது அறிக்கை மிக அழகாக இருக்கும்.

தட்டணு எண்ணும் எப்போதும் சத்தியவாக்கு அல்ல. விரல் நுனியைப் பிதுக்கி எடுத்த ரத்தத்தில் சிறு உறைவு இருந்தால் தட்டணுக்கள் அதில் சிக்கி, எண் பொய்யாகக் குறையும். சிலருடைய தட்டணுக்கள் குழாயில் இருக்கும் மருந்தைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; இயந்திரம் பத்து அணுக் கொத்தை ஒன்றாகக்கூட எண்ணாமல் விட்டுவிடும். ஒரு முறை 18,000 என்று வந்த தாளைக் கண்டு ஒரு குடும்பமே என் ஜன்னலுக்கு முன் அழுதுகொண்டு நின்றது. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுத்துச் சாயம் போட்டுப் பார்த்தால் ஓரமெல்லாம் தட்டணு குவிந்து கிடந்தது. அந்த மனிதர் நடந்தே வீட்டுக்குப் போனார். மாறாக, தலசீமியா உள்ளவர்களின் மிகச் சிறிய சிவப்பணுத் துணுக்குகளை இயந்திரம் தட்டணு என்று எண்ணி எண்ணைக் கூட்டியும் காட்டும். அதனால்தான் தகட்டைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துகிறேன். அதே தகட்டில் டெங்குவுக்கு உரிய, நீல நிறம் மிகுந்த பெரிய லிம்ஃபோசைட்டுகளும் தெரியும்.

மின்சாரம் போய் இயந்திரம் நின்றுவிட்டால், மெல்லிய கண்ணாடிக் குழலில் ரத்தத்தை ஏற்றிச் சுழலியில் சுற்றிச் சிவப்பின் உயரத்தை அளந்தாலே பிசிவி கிடைத்துவிடும். ஜெனரேட்டர் ஐந்து நிமிடம் ஓடினால் போதும். தட்டணு தெரியாத இரவிலும் பிசிவி தெரியும்.

மழைக்கால மருத்துவர் — புதன், பிற்பகல் 4.20

நுண்ணோக்கி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெள்ளை அணு 5,000க்குக் கீழே போய், லிம்ஃபோசைட் மேலோங்கி நிற்கும்போது, பெரும்பாலும் அடுத்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் விடும். தாய்லாந்து குழந்தை மருத்துவர்கள் பல ஆண்டுகள் வார்டில் பார்த்துப் பார்த்துக் கண்டறிந்த கணக்கு இது. அப்படியானால் நாளை, வியாழக்கிழமை, உங்கள் மகளுக்குக் காய்ச்சல் விடலாம். விட்டால் தயவுசெய்து நிம்மதி அடையாதீர்கள். நீர்க்கசிவு தொடங்கும் நேரம் அதுதான். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

மற்ற வைரஸ் காய்ச்சல் விட்ட பிள்ளை எழுந்து உட்காரும், பசிக்கிறது என்று கேட்கும். டெங்குவில் காய்ச்சல் விட்டும் பிள்ளை முன்பைவிடச் சோர்ந்தால் அது கெட்ட குறி. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காரணமற்ற சிடுசிடுப்பு அல்லது தூங்கித் தூங்கி விழுதல், வலப்பக்க விலாவுக்குக் கீழே தொட்டால் வலி, தட்டணு வேகமாக இறங்கும்போதே பிசிவி ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டில் இருக்க வேண்டாம். இப்போதே பையைக் கட்டி வையுங்கள். மழையில் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற சயாமா — புதன், மாலை 5.00

இன்றிரவு இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து கால் விரலைத் தொட்டுப் பாருங்கள், தம்பி. உடம்பு வெதுவெதுப்பாகவும் கால் சில்லென்றும் இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். அந்தத் தாதியிடம் அழுத்தம் பார்க்கச் சொன்னால் மேல் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். 100க்கு 80 என்று சொன்னால் பலரும் 'நூறு இருக்கிறது, நல்லது' என்பார்கள். எனக்கு அந்த இருபது இடைவெளிதான் கண்ணில் படும். இருபதும் அதற்குக் குறைவும் பிள்ளைகளுக்கு அதிர்ச்சி நிலை. மேல் எண் விழுவது கடைசியில்தான்.

தன்லியின் தகப்பன் — வியாழன், காலை 10.50

காய்ச்சல் விடியற்காலையில் விட்டது. இப்போது 98.6. பக்கத்து வீட்டார் முருகனுக்குத் தேங்காய் உடைக்கச் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், கூப்பிட்டால் 'ம்' என்கிறாள். காலையிலிருந்து மூன்று முறை வாந்தி. வயிற்றைத் தொடவிடவில்லை. அறிக்கை இப்போதுதான் வந்தது: வெள்ளை அணு 2,900, தட்டணு 52,000 (நட்சத்திரம்), பிசிவி 41. திங்களன்று ரத்தச் சோகை என்று சொன்ன அதே நிலையத்தில், ரத்தம் ஊறிவிட்டது என்கிறார்கள்.

மழைக்கால மருத்துவர் — வியாழன், காலை 10.58

ரத்தம் ஊறவில்லை. நீர் வெளியேறி ரத்தம் கெட்டியாகியிருக்கிறது. உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மூன்று தாள்களையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் பார்க்கிறவரிடம் '34, 36, 41, இன்று காலை காய்ச்சல் விட்டது, வயிற்று வலி, மூன்று வாந்தி' என்று இதே வரிசையில் சொல்லுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனாள் என்பதையும் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி — வியாழன், காலை 11.02

இழையைப் பிறகு பார்க்கலாம் ஐயா. போங்கள்.

தன்லியின் தகப்பன் — ஞாயிறு, மாலை 6.30

மூன்று நாளாக எழுத முடியவில்லை. மகள் நலம். நடந்ததை மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வாசலில் அழுத்தம் பார்த்தபோது 92க்கு 70. சயாமா சொன்ன இடைவெளியைக் கணக்கிட்டேன்: 22. கால் சில்லென்று இருந்தது. இளம் மருத்துவர் தாள்களை வரிசையாக மேசையில் அடுக்கி, தட்டணுவைப் பார்க்காமல் பிசிவிக்கு மட்டும் பேனாவால் வட்டமிட்டார். உடனே நரம்பில் உப்பு நீர் ஏற்றினார்கள். சில மணி நேரத்திற்கு ஒரு முறை விரல் நுனியிலிருந்து மெல்லிய குழலில் ரத்தம் எடுத்து, 41, 42, 39 என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு போனார்கள். எண் இறங்க இறங்க நீரின் வேகத்தைக் குறைத்தார்கள். வயிற்றை ஸ்கேன் பார்த்தபோது பித்தப்பையின் சுவர் தடித்திருந்தது, வலப்பக்க நெஞ்சில் கொஞ்சம் நீர் இருந்தது.

வெள்ளி இரவு பிசிவி 36. சனிக்கிழமை காலை தட்டணு 31,000. நான் நடுங்கிவிட்டேன், அவளோ எழுந்து உட்கார்ந்து மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வேண்டும் என்று கேட்கிறாள். வெள்ளை அணு அன்று 4,100க்கு ஏறியிருந்தது. இன்று தட்டணு 64,000, பிசிவி 34. ஐஜிஎம், ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள்கள் இரண்டும் 'உண்டு' என்று வந்திருக்கின்றன. தட்டணு ஏற்றவே இல்லை.

பகோ வியாபாரி — ஞாயிறு, இரவு 7.10

மகள் தேறியது மகிழ்ச்சி. ஆனாலும் 31,000இல் தட்டணு ஏற்றாமல் விட்டது சரியா? சாறும் கொடுக்கவில்லை போலிருக்கிறது, அதுவும் தானாகவே ஏறியிருக்கிறதே?

மழைக்கால மருத்துவர் — ஞாயிறு, இரவு 8.30

உங்கள் கேள்வியின் பின்பாதியிலேயே பப்பாளி இலைக்கு விடை இருக்கிறது, அண்ணா. உங்கள் தங்கை மகனுக்கு 28,000 வந்த நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் காய்ச்சலின் ஆறாம் நாளோ ஏழாம் நாளோவாக இருக்கும். அந்த நாளில் எதைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காவிட்டாலும், எண் திரும்பி ஏறத் தொடங்கும். இலைச் சாற்றை நான் விஷம் என்று சொல்ல மாட்டேன். கசப்பில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அது வாந்தியா, கசிவின் வாந்தியா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது என்பதே என் குறை.

ரத்தப்போக்கு இல்லாதபோது, எண் குறைவு என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவது பயன் தருகிறதா என்பதைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000 அல்லது அதற்குக் குறைவாகத் தட்டணு இருந்த பெரியவர்களிடம் சோதித்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. ஏற்றியவர்களுக்கு ரத்தப்போக்கு குறையவில்லை, ஒவ்வாமை போன்ற தொல்லைகள் கூடின. ரத்தம் கொட்டுகிறது என்றால் அது வேறு கதை. அப்போது ரத்தமே தேவைப்படும்.

தட்டணு மிகக் கீழே இருந்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை மொஹிங்கா கேட்டாள். 52,000 இருந்த வியாழக்கிழமை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற சயாமா — திங்கள், காலை 6.00

தம்பி, கண்ணில் நீர் வந்தது. இன்னும் இரண்டு நாள் கவனம் வேண்டும். கசிந்த நீர் இப்போது ரத்தத்திற்குத் திரும்பும். பிசிவி 34க்கு வந்திருப்பது அதனால்தான். பிள்ளை தெளிவாக இருந்து, சிறுநீர் தாராளமாகப் போய், பிசிவி இறங்கினால் அது நல்ல இறக்கம். நாடி ஓடிக்கொண்டு, பிள்ளை வெளுத்து, பிசிவி இறங்கினால் உள்ளே ரத்தம் போகிறது என்று பொருள். எண் ஒன்றே, பொருள் இரண்டு. இனி நரம்பில் நீர் ஏற்ற வேண்டாம். யாராவது 'தெம்புக்கு ஒரு பாட்டில்' என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நெஞ்சில் போய்த் தங்கி மூச்சிரைக்கும். காலில் சிவந்து, நடுவே வெள்ளைத் தீவுகள்போல் விட்டு விட்டுத் தடிப்பு வந்து அரித்தால் பயப்பட வேண்டாம், அது தேறும் அடையாளம்.

வீட்டில் ஒரு வயதுக்குக் குறைந்த கைக்குழந்தை இருந்தால் சொல்லுங்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் பாதி குறைந்திருக்கும் அந்த மாதங்களில் முதல் டெங்குவே கடுமையாக வரக்கூடும்.

பகோ வியாபாரி — வியாழன், இரவு 9.45

என் கடைசிப் பையனுக்குக் காய்ச்சல். அறிக்கை இது: பிசிவி 33, வெள்ளை அணு 5,200, தட்டணு 1,70,000. இந்த முறை பிசிவியை முதலில் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? தாளைக் கடைக் கல்லாப்பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நுண்ணோக்கி — வியாழன், இரவு 9.52

கவனித்தேன் அண்ணா. காய்ச்சல் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை எழுதவில்லையே.